கிணற்றுக்குச் செய்த மூடி

தோட்டத்துத் தலைவர் வீரசிங்கத்துக்கு வாய் இருக்கிற அளவுக்கு மூக்கும் இருந்திருந்தால், கிணற்றில் மிதந்தது என்னவென்று அன்று காலையிலேயே தெரிந்திருக்கும். ஆண்டவன் அந்த மனுசனுக்கு வாயை மட்டும் தாராளமாக வைத்து அனுப்பிவிட்டான்.

"அம்மா மஞ்சக் குளிச்சிருக்கா! ஓடி வாங்க, அம்மா மஞ்சக் குளிச்சிருக்கா!"

அவர் போட்ட சத்தத்தில், வரிசை வீடுகளாகக் கிடந்த கீழ் லயம் முழுக்கக் கிணற்றடிக்கு ஓடி வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு வந்தான். அடுப்பில் ரொட்டி போட்டிருந்தவள் அதைக் கருக விட்டுவிட்டு வந்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு இப்படி ஓடியிருந்தால் கங்காணி ஆனந்தத்திலேயே செத்துப்போயிருப்பார்.

ரெங்கம்மாவும் வந்தாள். பிள்ளைமடுவத்து ஆயா அவள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப் போகிற பிள்ளைகளைச் சாயந்தரம் வரைக்கும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தப் பிள்ளைகளுக்குப் பால்மா கரைப்பது இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். அதனால் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து பார்த்தாள்.

தண்ணீர் மேல் மஞ்சளாக ஒரு படலம் கிடந்தது. முகர்ந்தாள். மஞ்சள் வாசமா அது? கந்தகமும் ஊறின பழைய சாக்கும் கலந்தாற்போல் ஒரு நெடி. நிமிர்ந்து மேலே பார்த்தாள். கிணற்றுக்கு நேர் மேலே, மேட்டில், தலைவரின் மருமகன் கிருஷ்ணராஜின் உருளைக்கிழங்குத் தோட்டம். மேட்டின் விளிம்பில் மருந்து கலக்குகிற பீப்பாய். பக்கத்தில் வாய் பிய்ந்த மருந்துப் பை ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கிழங்குச் செடியின் இலையெல்லாம் இதே மஞ்சள். காற்றோ மேலேயிருந்து கீழே அடித்தது. கழுத்தைக் கொஞ்சம் தூக்கினால் யாருக்கும் தெரிகிற காட்சி அது. ஒரு கழுத்தும் அசையவில்லை.

"தலைவரே, கொஞ்சம் அண்ணாந்து பாருங்க," என்றாள் ரெங்கம்மா. "ஒங்க மருமகன் கெழங்குக்குக் கலக்குன மருந்து காத்துல வந்து விழுந்திருக்கு. இது மஞ்சளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"வாயக் கழுவு ரெங்கம்மா! ஆடி மாசம். காப்புக் கட்டி மூணாம் நாளு. கரகத்துக்குத் தண்ணி மொண்டு பாலிக்கிற கிணறு. இதுல வந்து மருந்து கிருந்துன்னு அபசகுனமா பேசுறியே!"

"அம்மனுக்கு மஞ்சக் குளிக்க ஆசை வந்தா, ஒங்க மருமகன் பீப்பாயில இருந்தா தூள் எடுத்துக் குளிப்பா?"

பின்னால் நின்ற பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பதற்கு என்ன, காசா பணமா? ஆனால் தலைவர் பித்தளைச் செம்பில் மொண்டு நீட்டியதும், சிரித்த அதே பெண்கள் இரண்டு கையாலும் வாங்கித் தலையில் தெளித்து வாயிலும் விட்டுக்கொண்டார்கள். ரெங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சே, இதுகளும் ஒரு சனமா!

அந்தக் கிணற்றைத் தலைவர் காவல் காத்த அழகைச் சொன்னால் ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும். நான்கு பக்கமும் முள்கம்பி வேலி. அதற்கு ஒரு இரும்புக் கதவு. கதவில் பலகை: செருப்போடு வரக்கூடாது, தீட்டுள்ள பெண்கள் வரக்கூடாது. ஒரு தடவை, தூரம் வந்த மூன்றாம் நாளே குடத்தோடு வந்துவிட்டாள் என்று ஒரு பெண்ணை லயமே வேடிக்கை பார்க்கத் திட்டித் தீர்த்தார். காற்றுக்குச் செருப்பும் கிடையாது, தீட்டும் கிடையாது. அது தினமும் வேலிக்கு மேலாக வந்து, வேண்டியதைப் போட்டுவிட்டுப் போனது.

முன்பு அந்த மேட்டில் தேயிலை இருந்தது. தோட்டம் அதைக் கைவிட்டதும் காடாய்க் கிடந்தது. தலைவரின் மகள் தயானியைக் கட்டிய கையோடு கிருஷ்ணராஜ் காட்டை வெட்டிக் கிழங்கும் லீக்ஸும் போட்டு வெலிமடைக்கு லொறி ஏற்ற ஆரம்பித்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. நமுனுகுல மலையைச் சுற்றிக்கொண்டு ஆடிக் கச்சான் காற்று இறங்கினால் கேட்கவா வேண்டும்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தூள் பறக்காதா? சுண்ணாம்புத் தூள், உரத்தூள், மருந்துப் புகை எல்லாம் கிணற்றில்தான் விழுந்தன. பிள்ளைமடுவத்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்தன, வாயோரம் வெந்துபோய்ப் பாலைக் கண்டாலே அழுதன.

வைகாசியில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வந்த மருத்துவிச்சி மிஸ்ஸிதான் சொல்லிவிட்டுப் போனார். "வேலி போட்டு என்ன பிரயோசனம் ரெங்கம்மா? மேலால வர்றத வேலியா தடுக்கும்? மூடி ஒண்ணு போடுங்க."

தலைவரிடம் போய்ச் சொன்னாள். கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார். அவர் பேசாத கூட்டமா? ரெங்கம்மா காத்திருக்கவில்லை. பாக்டரிக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் கெஞ்சிப் பழைய தகரம் வாங்கினாள். பாக்டரியில் மெசின் பழுது பார்க்கிற பிற்றர் ஜோன்சன் அதை வெட்டி, நடுவில் கீல் வைத்து, இரண்டு பாதியாக மடித்துத் திறக்கிற வட்ட மூடி செய்து கொடுத்தான். தூசி நுழையாமல் இருக்க விளிம்பு முழுக்க லொறி டியூபை வெட்டிப் பதித்தான். கிணற்றைச் சுத்தமாக இறைத்து, மூடியைப் போட்ட பிறகு, பிள்ளைமடுவத்தில் ஒரு பிள்ளைகூட வாந்தி எடுக்கவில்லை.

நல்லது நடந்தால் தலைவருக்குத்தான் பொறுக்காதே. ஆடி பிறந்து காப்புக் கட்டிய அன்றே ஆள் விட்டு மூடியைக் கழற்றிவிட்டார்.

"கரகம் பாலிக்கிற கிணறு வானம் பாக்கணும். மூடி வச்சா அம்மா எந்த வழியா எறங்குவா?"

"பூட்டுன கோயிலுக்குள்ள இருந்தே நம்மளக் காக்குறவளுக்கு இந்தத் தகரம் பெரிய தடையா தலைவரே?" என்று ரெங்கம்மா கேட்டாள்.

"ஒனக்குப் பக்தி போதாது," என்றார் தலைவர். ஆடிக்கு ஆடி விரதம் இருந்து தீச்சட்டி எடுக்கிறவளைப் பார்த்து! திருவிழா முடியும்வரை ஒரு வேளை கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம்கூட இல்லாத ஆள் அவர். கழற்றிய மூடி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கிணறு மஞ்சளாகிவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை. தெமோதரைப் பக்கத்திலிருந்து போத்தலோடு வந்தார்கள். வெலிமடையிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். தலைவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்தே பூசாரி மாதிரி, செம்பும் கையுமாக நின்றார். இரவில் மேட்டில் புதிதாக மருந்தடித்தால் காலையில் மஞ்சள் கொஞ்சம் தடிப்பாகக் கிடக்கும். "இன்னைக்கு அம்மாவுக்குச் சந்தோசம்," என்பார்.

அந்தச் சந்தோசத்தில் விழுந்தது கேஷானி. ஒன்றரை வயசுப் பிள்ளை, நடந்தால் பாதி விழும், விழுந்தாலும் சிரிக்கும். சளி பிடித்திருக்கிறதே, தீர்த்தம் கொடுத்தால் குணமாகும் என்று அதன் தாய் மூன்று வேளையும் கரண்டியால் ஊட்டியிருக்கிறாள். பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை. கண் சொருகிப்போகவும், பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன கொடுத்தாய் என்று டொக்டர் கேட்டதற்குத் தாய்க்காரி சொல்லியிருக்கிறாள்: "ஒண்ணுமே குடுக்கலங்க ஐயா, தீர்த்தம் மட்டுந்தான்." பிள்ளை உயிரோடு திரும்பி வந்தது. ஆனால் ரெங்கம்மா தூக்கியபோது சாக்குப்பை மாதிரித் தோளில் கிடந்தது. சிரிக்கவில்லை.

தலைவர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "தாய்க்காரி தீட்டோட வந்திருப்பா."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அவரை விட்டால் ஆள் உண்டா? அந்தத் தாயும் அதை நம்பிக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். அதுதான் ரெங்கம்மாவுக்கு ஆறவே இல்லை.

மேட்டுக்கு ஏறிப் போய்க் கிருஷ்ணராஜைப் பிடித்தாள். அவன் பீப்பாயில் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். தன் மூக்குக்கு மட்டும் மூடி போடத் தெரிந்திருக்கிறது.

"தம்பி, இந்தப் பீப்பாய அந்தப் பக்கம் தள்ளி வச்சுக் கலக்குங்க. காத்து நிக்கிற நேரமாப் பாத்து அடிங்க. கீழ புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

"காத்து எம் பேச்சக் கேக்குமாக்கா? ரெண்டு நாள் அடிக்காம விட்டா கெழங்கு பூராக் கருகிப் போகும்."

"அப்ப சனத்துக்கிட்டயாச்சும் சொல்லுங்க, அது மருந்துன்னு."

அவன் துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தான். "நானா மஞ்சள்னு சொன்னேன்? மாமா சொன்னாரு. நான் ஒரு வார்த்தை பேசலியே."

பேசவில்லைதான். தினமும் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு கிணற்றடியில் வந்து நிற்பான், கும்பிடுவான், போவான். கடைசி நாள் அன்னதானம் அவன் உபயம். கிழங்குக் கறி அவன் தோட்டத்துக் கிழங்கு. அவன் வீட்டுக்கு மட்டும் மலை ஓடையிலிருந்து தனிக் குழாய் வருகிறது. தலைவர் முட்டாள், சரி. இவன் எல்லாம் தெரிந்தவன். முட்டாள் மேல் வருகிற கோபம் துப்பினால் போய்விடும். இவனைப் பார்த்தபோது ரெங்கம்மாவுக்குத் துப்பவும் வாயில் ஈரம் வரவில்லை.

பிள்ளைமடுவத்துக்கு மட்டும் அவள் மலைக்கு அந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பெரிய பீலிக்குப் போய்க் கேனில் தண்ணீர் சுமந்தாள். இடுப்பு விட்டுப்போனது. கச்சான் அடிக்க அடிக்கப் பீலி நூலாக மெலிந்துகொண்டே வந்தது. அது நின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு இந்தக் கிணறுதான் கதி. அதற்குள் கிணற்றை இறைத்து மூடியாக வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "நீ சொல்றது சரிதான் ரெங்கம்மா," என்றார்கள், கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு. "திருவிழா முடியட்டுமே."

திருவிழாக் கடைசி நாள், கரகம் பாலிக்கிற நேரம். கிணற்றடிக்குப் போகிற வழியில் ரெங்கம்மா கோயிலுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். அன்னதானச் சோறு வெந்து இறக்கிய பெரிய அண்டா அங்கே இருந்தது. அண்டாவின் மேல் வட்டமாக ஒரு தகர மூடி. நடுவில் கீல். விளிம்பு முழுக்க லொறி டியூப்.

"இது எப்படி இங்க வந்திச்சு?" என்று சமையல்காரனைக் கேட்டாள்.

"தலைவர்தான் குடுத்தாருங்க. இந்தக் கச்சான் காத்துக்குச் சோத்துல தூசி விழுந்திரும், நல்லா இறுக்கி மூடுன்னு சொன்னாரு. ஒரு தூசி விழுந்தாலும் கொன்னு போட்டுருவாரு."

ரெங்கம்மா சிரித்தாள். சமையல்காரன் பயந்து நாலடி தள்ளி நின்றான், அப்படி ஒரு சிரிப்பு. சோற்றில் தூசி விழக்கூடாதாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இந்தப் புண்ணியவான் சோற்றையே மூடி முழு லயத்தின் வயிற்றில் அடிக்கிறான். சோற்றுக்கு மூடி போடத் தெரிந்தவனுக்குக் கிணற்றில் விழுவது என்னவென்றும் தெரியும். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

கிணற்றடியில் தப்பு முழங்கியது. தலைவர் செம்போடு நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சாரத்தில் மருமகன். அவனுக்கு அந்தண்டை, பச்சைச் சேலையில், இரண்டு கையாலும் இடுப்பைத் தாங்கிக்கொண்டு தயானி. கலியாணமாகி எத்தனையோ வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி இப்போதுதான் ஏழு மாதம். மேட்டு வீட்டை விட்டு இறங்காதே என்று புருசன் சொல்லியும், திருவிழாவின் கடைசி நாளாச்சே என்று வந்திருந்தாள்.

அவளைக் கண்டதும் ரெங்கம்மா கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு குரலை உயர்த்தினாள்.

"தலைவரே! ஊர்ச் சனத்துக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தீங்க. இன்னைக்கு ஒங்க மகளே வயித்துப் புள்ளையோட வந்து நிக்கிறா. மொதத் தீர்த்தம் அவளுக்குக் குடுங்க!"

"ஆமா, ஆமா, அதுதான் முறை," என்றது கூட்டம்.

அவள் கணக்கு இதுதான்: தலைவர் முகம் வெளிறும், வேண்டாம் என்பார், சனம் பார்க்கும். ஆனால் தலைவரின் முகம் வெளிறவில்லை. பூரித்துப்போனது. கண்கூடக் கலங்கியது.

"வாம்மா," என்றார். "ஒம் புள்ளைக்கு அம்மா ஆசீர்வாதம்."

ரெங்கம்மா இதை எதிர்பார்க்கவில்லை. அட பாவி மனுசா! இந்த மடையன் தன் பொய்யைத் தானே நம்பித் தொலைத்திருக்கிறானே! தயானி கைகளைக் குவித்தாள். இந்தக் கைகளுக்குச் சின்ன வயசில் பிள்ளைமடுவத்தில் சோறு பிசைந்து கொடுத்தவள் ரெங்கம்மா. செம்பு சரிந்தது. மஞ்சள் தண்ணீர் கையில் நிறைந்தது. ரெங்கம்மா முன்னால் நின்றவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். கத்தினாள், தப்பு முழக்கத்தில் அது அமுங்கிப்போனது. தயானி கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

பளீரென்று ஒரு அடி. கிருஷ்ணராஜ் அவள் கையைத் தட்டிவிட்டிருந்தான். தண்ணீர் சிதறி அவன் வெள்ளைச் சாரமெல்லாம் மஞ்சளானது.

"குடிக்காத! மருந்து அது!"

தப்பு நின்றது. காற்று மட்டும் அடித்தது.

"என்ன மருந்து?" என்றாள் தயானி.

"கெழங்குக்கு... அடிக்கிறது."

"ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

அவன் சாரத்தில் சிதறியதைக் கையால் துடைத்தான்.

"கேஷானிக்கு இதத்தானே குடுத்தாங்க. அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"இதே எடத்துலதான் நின்னாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேஷானியின் தாய். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். "நான் வாங்கி ஊட்டுனதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு."

தலைவர் வாயைத் திறந்தார். அது எப்போதும் திறக்கிறதுதானே. "அது வந்து... காத்துல ஏதோ கொஞ்சம்... அம்மா சக்தியில..."

"அப்பா," என்றாள் தயானி. "பேசாதீங்க."

ரெங்கம்மா அவள் கைகளைப் பிடித்துத் தன் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். இந்தப் பிள்ளையின் வயிற்றை வைத்தா சூதாடினோம் என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஜெயித்த சந்தோசம் துளிகூட இல்லை. துடைத்த சேலையில் மஞ்சள் அப்பியிருந்தது.

"மூடி செஞ்சிருந்தீங்களே ஆயம்மா," என்றாள் தயானி. "அது எங்க?"

"சோத்து மேல இருக்கு தாயீ."

"என்னது?"

"ஒங்கப்பாவுக்குச் சோத்துல தூசி விழக்கூடாதாம். அண்டாவ மூடி வச்சிருக்காரு."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தராகத் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள், பிறகு மேட்டைப் பார்த்தார்கள். அந்தப் பீப்பாயை, அந்தப் பையை, அந்த இலைகளை. இத்தனை நாள் நிமிராத கழுத்துகள் அன்று ஒன்றாக நிமிர்ந்தன.

"போங்க," என்று தயானி புருசனிடமும் தகப்பனிடமும் சொன்னாள். "ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வாங்க."

மாமனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கமாக மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடியில் சோற்றாவி வேர்த்துச் சொட்டியது. அன்றே கிணற்றை இறைத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊற்றினார்கள். தீர்த்தம் வாங்கிக் குடித்தவர்கள்தான் வாளி பிடித்தார்கள். பீப்பாயை நாலு பேர் உருட்டிக்கொண்டு போனார்கள், யாரையும் கேட்கவில்லை. புதிதாக ஊறிய தண்ணீருக்கு மேல் மூடி விழுந்தபோது டியூப் விளிம்பு பொத்தென்று பதிந்தது. கரகத்துக்குப் பெரிய பீலியில் நூலாக ஒழுகியதைப் பொறுமையாகப் பிடித்து வந்தார்கள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

பந்தி போடப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை அண்டா திறந்தே கிடந்தது. கச்சான் சும்மா இருக்குமா? மேட்டு மண்ணை வாரி வாரிச் சோற்றில் போட்டிருந்தது. தலைவர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். ரெங்கம்மாதான் அவர் இலைக்குச் சோறு போட்டாள். அவர் தலையைத் தூக்காமல், மண் பல்லில் நறநறவென்று கடிபட, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார்.